பிறப்பைக் கேளாத சபை

கண்டி மாநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கண்களில் முதலிற்படுவது தலதா மாளிகை. அதன் அயலில் நாததேவர், விஷ்ணு, பத்தினி, கதிர்காமக் கந்தன் ஆகியோருக்குரிய தேவாலயங்கள் நான்கும் உள்ளன. அவற்றுக்கு அணித்தாக அங்கிலிக்கன் திருச்சபையாரின் தூய பவுல் ஆலயம் செங்கற் சுவரோடு நிமிர்ந்து நிற்கின்றது. அரசும் சமயமும் கைகோத்து நின்ற தலைநகரம் அது என்பதை இக்கட்டடங்களே எடுத்தோதும். ஆயின் இந்நகரிலும், இதனைச் சூழ்ந்த மலைக் கிராமங்களிலும், நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறொரு சிறு கூட்டத்தாரும் வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய வழிபாட்டு மனைகளுக்கு வானளாவிய கோபுரமில்லை. அவர்களை ஆள மேற்றிராணியாருமில்லை. பாதையோரத்தில் ஓட்டுக் கூரையும் வெள்ளைச் சுவருமாக, ஒரு பழைய பாடசாலையோ என ஐயுறத்தக்கதாய் நிற்கும் அவ்வாலயங்களைக் கடந்து செல்வோர் திரும்பிப் பார்ப்பதுமில்லை. அவர்களே பப்திஸ்த சபையார்.

நான் இச்சபையைச் சேர்ந்தவனல்லன். கண்டியிற் பல்லாண்டு வரலாறு கற்பித்தவன் என்ற முறையிலேயே இவர்கள் கதையில் ஈடுபட்டேன். எண்ணிக்கையிற் சிறிய இக்கூட்டத்தாரின் வரலாற்றை ஏன் படித்தல் வேண்டும் என மாணவர் வினவுவதுண்டு. அதற்கு விடையாக நான் மற்றொரு வினாவையே எழுப்புவேன். ஒருவனை ஒரு சமூகத்தின் உறுப்பினனாக்குவது யாது? அவன் பிறப்பா, அன்றி அவன் வாய்ச்சொல்லா? மலைநாட்டுத் தமிழரின் தலையெழுத்தையே மாற்றிய வினா இது. இதற்குத் தெளிவான ஒரு விடையைத் தன் அடிப்படையாகக் கொண்ட கூட்டம் இச்சபை. ஆதலின் இதன் கதை நம் கதையுமாகும்.

சபையின் தோற்றத்தை முதற்கண் சுருங்க நோக்குவோம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அரசத் திருச்சபையினின்றும் பிரிந்து, ஒல்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த சிலரிடையே இக்கொள்கை உருப்பெற்றது. அவர்களுள் ஒருவரான தோமஸ் ஹெல்விஸ் தாயகம் மீண்டு, 1612ஆம் ஆண்டளவில் இலண்டனின் ஒரு புறத்தில் முதலாவது ஆங்கிலப் பப்திஸ்த சபையை அமைத்தார். அரசனுக்கு மனிதரின் உடல்மீதும் உடைமைமீதும் அதிகாரம் உண்டு, ஆன்மாவின்மீது அஃதில்லை என்பது அவர் எழுதிய நூலின் சாரம். யூதராயினும் துருக்கராயினும் எவராயினும் சமயத்தின் பொருட்டு அரசன் ஒறுத்தல் தகாது என அவர் துணிந்து எழுதினார். அதற்குக் கிடைத்த பரிசு நியூகேற் சிறைச்சாலை. வெளியுலகைக் காணாமலே அவர் மறைந்தார்.

இக்கொள்கையினின்றே இவர்களின் திருமுழுக்கு வழக்கமும் பிறந்தது. ஏனைய சபையார் பலர் பிறந்த குழந்தைக்கே ஞானஸ்நானம் அளிப்பர். பப்திஸ்தரோ தாமே அறிந்து, தாமே விசுவாசித்து, தம் வாயாற் சொல்ல வல்லவர்க்கு மட்டுமே அதனை அளிப்பர். தலையில் நீர் தெளிப்பதோடு அமையாது ஆற்றிலோ, ஆலயத்துட் கட்டிய தொட்டியிலோ முழுக்காட்டுவர். தந்தை சபையினராயிருத்தலால் மகன் சபையினனாகான். பாட்டன் கட்டிய ஆலயமேயாயினும் பேரன் தன் சொல்லாலேயே அதன் உறுப்பினனாதல் வேண்டும். அவ்வாறு முன்வந்தவனைச் சபை கூடிக் கேட்கும், ஆராயும், பின்னர் உறுப்பினர் தம் உடன்பாட்டைத் தெரிவிப்பர். போதகரைத் தெரிவதும் பணத்தைச் செலவிடுவதும் அக்கூட்டத்தின் உரிமையே. வேறெங்கும் வாக்குரிமையைக் கனவிலும் கண்டிராத மக்கள் ஓர் ஆலயத்துட் கூடி வாக்களித்தனர் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

இனி ஈழத்துக்கு வருவோம். ஒல்லாந்தர் ஆட்சியில் நம் நாட்டின் கரையோரங்களிற் பள்ளித் தோம்பு என்றொரு பெயரேடு பேணப்பட்டது. ஞானஸ்நானமும் திருமணமும் அதிற் பதியப்பட்டன. முதுசொத்துரிமைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் அப்பதிவு வேண்டப்பட்டமையால், நிலத்தைக் காக்க விரும்பியோரெல்லாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குச் சென்றனர். ஞானஸ்நானத்தின் பின் வீடு திரும்பி, மறைவில் தம் குலதெய்வத்தை வணங்கினர். ஒல்லாந்தர் நீங்கிய பின் யாழ்ப்பாணத்திற் பல்லாயிரவர் அப்பெயர்க் கிறிஸ்தவத்தைப் பழந்துணிபோற் கழற்றி வைத்தமை யாவரும் அறிந்ததே. தோம்பு ஏடு மனிதரை எண்ணிற்று. அவர் மனத்தை எண்ணவில்லை.

அந்த ஏட்டின் நிழல் முற்றும் மறையாத காலத்திலேயே, 1812ஆம் ஆண்டில், ஜேம்ஸ் சேற்றர் என்னும் பப்திஸ்தப் போதகர் கொழும்பில் வந்திறங்கினார். சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியாயிருந்து பன்மொழிப் புலவரான வில்லியம் கேரியின் வங்காளத்துச் சிராம்பூர் நிலையத்தோடு தொடர்புடையவர் அவர். கேரியின் மகனுடன் பர்மாவிற் சிலகாலம் முயன்ற பின் ஈழத்துக்கு வந்தவர். வந்து மூன்றாண்டுகளுக்குள், 1815இல், சிங்கள இலக்கண நூலொன்றை வெளியிட்டார். அவருக்குப் பின் 1830இல் வந்த எபினேசர் டானியல் கொழும்பை அடுத்த கிராமங்களிற் கால்நடையாகவே சுற்றிப் பாடசாலைகளும் சிறு சபைகளும் நிறுவி, 1844இல் இம்மண்ணிலேயே மறைந்தார். தோம்பு ஏட்டின் வழியே கிறிஸ்தவரென எண்ணப்பட்டோர் எண்ணற்றவராயிருந்த நாட்டில், பப்திஸ்த சபையின் ஏட்டில் ஏறிய பெயர்கள் மிகச் சிலவே. குழந்தைகளை எண்ணாத சபைக்கு எண்ணிக்கை விரைவில் வளராது.

சேற்றர் இலக்கணம் வெளிவந்த அதே 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி, கண்டி இராச்சியம் உடன்படிக்கையொன்றினால் ஆங்கிலேயர் வசமாயிற்று. புத்த சமயம் மீறப்படாதது என்றும், அதன் சடங்குகளும் குருமாரும் வணக்கத் தலங்களும் பேணிக் காக்கப்படும் என்றும் அவ்வுடன்படிக்கையின் 5ஆம் பிரிவு உறுதி கூறிற்று. மிஷனரிமார் பலர் அதனை வெறுத்தனர். கிறிஸ்தவ அரசு புத்த சமயத்தைக் காப்பதா எனச் சீறினர். பப்திஸ்தரின் நியாயம் இதனினும் நெடியது. அரசு எச்சமயத்தையும் தாங்குதல் தகாது என்பது அவர்தம் பிறவிக் கொள்கை. அதன்படி பார்ப்பின், பௌத்த ஆலயத்துக்குச் செல்லும் அரசின் கையைத் தடுப்பவர், அங்கிலிக்கன் ஆலயத்துக்குச் செல்லும் கையையும் தடுத்தல் வேண்டும். ஈழத்திற் கிறிஸ்தவக் குருமாருக்கு அரசு வழங்கி வந்த மானியம் நெடுங்காலக் கிளர்ச்சியின் பின் 1881இல் நிறுத்தப்பட்டபோது இந்நியாயமே வென்றது.

பப்திஸ்த மிஷன் கண்டியில் அச்சுக்கூடம் நிறுவியது 1841இல். அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனாரின் 'உதயதாரகை' தோன்றியது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். வடக்கிலே தமிழுக்கும் மலையிலே சிங்களத்துக்கும் ஒரே ஆண்டில் ஈய எழுத்து வெளிச்சம் காட்டிற்று. ஆனால் மலைநாட்டின் அன்றைய நிலை வேறு. 1820களிற் கம்பளைப் பகுதியிற் பயிரிடப்பட்ட கோப்பி, 1830களின் பிற்பகுதியிற் காட்டுத்தீப்போற் பரவியது. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்று, உறுதிப்பத்திரம் காட்டப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டிக் குடியானவன், தாள் இல்லாமையால் நிலமிழந்தான். அந்நிலத்தைத் திருத்த, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியே காட்டுப்பாதையில் நடந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். வந்தவரிற் பலர் வழியிலேயே காய்ச்சலுக்கும் பேதிக்கும் இரையாயினர். இவ்விரு துயரங்களின் நடுவிலேதான் கண்டியின் சுற்றுப்புறக் கிராமங்களிற் பப்திஸ்தப் போதகர் பாடசாலை திறந்து, திண்ணைகளில் அமர்ந்து பேசலாயினர். 1848இல் மாத்தளையிற் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். காவியுடுத்த பிக்கு ஒருவரும் அவ்வாறே கொல்லப்பட்டார். வெள்ளையன் சமயத்தை வெள்ளையன் துப்பாக்கியினின்றும் பிரித்துக் காண்பது கிராமத்தவருக்கு எத்துணை அரிதாயிருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

கண்டியிலே அக்காலத்து வாழ்ந்த ஒருவரைத் தமிழ் மாணவர் சிறப்பாக அறிதல் வேண்டும். அவர் ஜோன் மேர்டொக். ஸ்கொத்லாந்து நாட்டவர், பப்திஸ்தரல்லர். 1844இற் கண்டி அரசாங்க மத்திய பாடசாலையின் தலைமையாசிரியராக வந்த அவர், தம் மனச்சான்று இடங்கொடாமையால் 1849இல் அப்பதவியைத் துறந்தார். அரசாங்கச் சம்பளத்தை உதறிவிட்டு, அவ்வாண்டிலேயே கண்டியிற் சிங்களத் துண்டுப்பிரசுரச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அவர் பணி தமிழகத்துக்குப் பெயர்ந்தது. 1858இல் தோன்றிய கிறிஸ்தவ தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். அச்சங்கமே பின்னாளிற் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் எனப் பெயர் பூண்டது. 1865இற் சென்னையில் அவர் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகுப்புவாரி அட்டவணை, இன்றும் தமிழாராய்ச்சியாளர் கையை விட்டகலாத கருவி. அதுவரை அச்சேறிய தமிழ் நூல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை, சைவம், வைணவம், கிறிஸ்தவம், இஸ்லாம், சோதிடம், மருத்துவம், நாடகம் என்ற வேற்றுமை பாராட்டாது தொகுத்தார். நம் நூல்களுக்குப் பெயரேடு எழுதிய அம்மனிதர், தொழில் பழகிய இடம் நம் கண்டி நகரம்.

அதே 1849ஆம் ஆண்டிலேதான் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியதும் அப்பயணத்திலேயே. கண்டியில் மிஷனாரின் துண்டுப்பிரசுரம். வண்ணார்பண்ணையிற் சைவர் அச்சுக்கூடம். 1862இற் காலியில் பௌத்தரின் அச்சுக்கூடம் தோன்றியது. கொட்டாஞ்சேனையில் மொகொட்டிவத்தே குணானந்த தேரரின் சங்கமும் அவ்வாண்டிலேயே எழுந்தது. 1871இற் கண்டிக்கு அண்மையிலுள்ள கம்பளையிலும், 1873இற் பாணந்துறையிலும் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்குமிடையே பெரும் வாதங்கள் நிகழ்ந்தன. மிஷனார் கொணர்ந்த கருவி மிஷனாருக்கே மறுப்புரை எழுதப் பயன்பட்டது. இதனை அவர்களின் தோல்வி எனக் கூறுவார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மனிதன் கேட்டு, ஆராய்ந்து, தன் வாயால் தன் சமயத்தைச் சொல்லுதல் வேண்டும் என்பதன்றோ பப்திஸ்தர் கொள்கை? கம்பளையில் திரண்ட மக்கள் செய்ததும் அதுவே. அவர்கள் சொன்ன விடை வேறாயினும், விடை சொல்லும் உரிமையை அவர்கள் கையிலெடுத்தனர்.

கண்டிப் பப்திஸ்த நிலையத்திற் பணிபுரிந்தவருள் மொழியறிஞர் போற்றும் பெயர் சார்ள்ஸ் காட்டர். 1853இல் வந்த அவர், சிங்களவர் உண்மையிற் பேசும் வழக்கையும் ஏட்டு வழக்கையும் ஒருங்கே கற்று, வேதாகமத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பதிற் பல்லாண்டு உழைத்தார். அவரது ஆங்கில-சிங்கள அகராதி 1891இல் வெளிவந்தது. சிங்கள-ஆங்கில அகராதி அவர் மறைந்த பத்தாண்டுகளுக்குப் பின், 1924இல் அச்சேறியது. பௌத்த பிக்குமாரும் பாடசாலை ஆசிரியரும் பத்திரிகை எழுத்தாளரும் அவ்வகராதிகளைப் புரட்டினர். சமயத்தின் பொருட்டுத் தொடங்கிய உழைப்பு மொழியின் பொதுச் சொத்தாய் முடிந்தது.

மொழிபெயர்ப்பு என்றதும் நம் வாசகர் சுவைக்கத்தக்க செய்தியொன்று நினைவுக்கு வருகின்றது. கோட்டையிலிருந்த அங்கிலிக்கன் மிஷனார் 1830களில் வெளியிட்ட சிங்கள வேதாகமத்தில், கடவுளுக்கும் மனிதனுக்கும் பேதமின்றி முன்னிலையில் ஒரே எளிய சொல்லைக் கையாண்டனர். அச்சொல்லோ வேலைக்காரனை விளிப்பதற்குரியது. மரியாதை வழக்குகள் செறிந்த மொழியில் அது பெரும் பூசலை விளைத்தது. நீ, நீர், தாங்கள், தேவரீர் எனப் படிகள் பல கொண்ட தமிழை அறிந்த நமக்கு அப்பூசலின் சூடு விளங்காமற் போகாது. யாழ்ப்பாணத்திற் பீற்றர் பேர்சிவலோடு அமர்ந்து வேதாகமத் தமிழைச் செப்பஞ் செய்த நாவலரும் இத்தகைய சொற்சிக்கல்களை எதிர்கொண்டவரே.

பப்திஸ்தருக்கோ ஒரு தனிச் சொல்லே உயிர்நிலை. கிரேக்க மூலத்திலுள்ள அச்சொல் நீரில் முழுக்குதலைக் குறிக்கும் என்பது அவர் வாதம். கல்கத்தாவிற் பப்திஸ்தர் வங்காள வேதாகமத்தில் அவ்வாறே மொழிபெயர்த்தமையால், பொது வேதாகமச் சங்கம் பொருளுதவியை மறுத்தது. அவர்கள் 1840இல் தமக்கென ஒரு மொழிபெயர்ப்புச் சங்கத்தையே அமைத்துக்கொண்டனர். தமிழிலோ இப்பூசலுக்கு இடமே இல்லை. 'ஞானஸ்நானம்' என்னும் பழைய சொல்லிலே நீராட்டு உண்டு. இன்று கத்தோலிக்கர் முதலாகப் பல சபையாரும் வழங்கும் 'திருமுழுக்கு' என்னும் செந்தமிழ்ச் சொல்லோ பப்திஸ்தர் விரும்பிய பொருளையே வெளிப்படையாகச் சொல்லுகின்றது. சிசுவின் நெற்றியில் மூன்று துளி நீர் தெளிப்பவரும் அதனை 'முழுக்கு' என்றே கூறுகின்றனர். சமயவாதிகள் இரண்டு நூற்றாண்டுகள் வழக்கிட்ட பொருளைத் தமிழ்மொழி ஓசையின்றித் தீர்த்து வைத்துவிட்டது.

இனித் தோட்டப்புறத்தை நோக்குவோம். 1854இற் கண்டியை நடுவாகக் கொண்டு தமிழ்க் கூலி மிஷன் என்றோர் இயக்கம் தொடங்கியது. அதன் பெயரிலேயே அக்காலத்தின் மனப்பான்மை வெளிப்படுகின்றது. அங்கிலிக்கன் மிஷனாரின் பொறுப்பில் நடந்த அவ்வியக்கத்துக்குத் துரைமார் பொருளுதவினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார் வந்தனர். தொழிலாளரிற் பெரும்பாலோர் தம் மாரியம்மனையும் முனியாண்டியையும் கைவிடாதவர். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடியவர். கிறிஸ்தவரானோர் ஒரு சிறு பகுதியினரே. தோட்டத்தின் அமைப்போ பப்திஸ்தக் கொள்கைக்கு நேர்மாறானது. லயத்து அறையில் வாழ்ந்தவன் எந்தத் தோட்டத்தில் வேலை செய்வது என்பதையும் தானே முடிவு செய்ய இயலாதிருந்தான். கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தாலன்றி 'துண்டு' கிடையாது. துண்டின்றி மறு தோட்டத்தில் இடம் கிடையாது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அம்முறை நிலவியது. தன் உடலின் மேலேயே உரிமையற்றவனை நோக்கி, 'உன் ஆன்மாவைக் குறித்து நீயே முடிவு செய்' என்று கூறும் சமயம் எத்துணைப் புதுமையானது! எத்துணை இடர்மிக்கது! துரையின் ஒப்புதலோடு நடக்கும் வழிபாட்டில், துரைக்கும் ஆன்மாவின்மேல் அதிகாரமில்லை என்று உபதேசிப்பது எளிதன்று.

மலையிலே தனிமனிதன் சொல் எடுப்பதன் அருமையை விளங்கிக்கொள்ளத் தமிழகத்துக் கொல்லிமலையின் கதை துணைசெய்யும். வல்வில் ஓரி ஆண்ட மலை எனச் சங்க நூல் பயின்றோர் அறிவர். 1913இல், கட்டடத் தொழில் அறிந்த ஜெசி பிராண்ட் என்னும் பப்திஸ்தப் போதகர், மணமான கையோடு மனைவி எவலினுடன் அம்மலையேறி வாழவந்தியிற் குடியமர்ந்தார். பலகையறுத்தார்; வீடு கட்டினார்; காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்; நரம்புச் சிலந்தியால் வருந்தினோரின் புண்ணைக் கழுவினார். ஆண்டுகள் பல கழிந்தும் சபையேட்டில் ஒரு பெயரும் ஏறவில்லை. ஊர்க்கட்டு அத்துணை இறுக்கமானது. ஒருவன் தனித்துச் சொல்லெடுத்தால் நீரும் நெருப்பும் இழப்பான். முதல் உலகப் போரின் இறுதியிற் கொடிய சளிக்காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது அம்மலையையும் அது விட்டுவைக்கவில்லை. அப்பொழுது, போதகரைக் கடுமையாக எதிர்த்து வந்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர் நோய்வாய்ப்பட்டார். உறவினர் அஞ்சி விலகிய அவ்வீட்டுள் பிராண்ட் தம்பதியர் புகுந்து பணிவிடை செய்தனர். இறக்குந் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அம்மலைச் சபையின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகின்றது.

1929இற் காய்ச்சலால் ஜெசி பிராண்ட் அங்கேயே மறைந்தார். எவலின் அம்மையார் தொடர்ந்து உழைத்தார். முதுமை கருதி மிஷன் அவரை ஓய்வுபெறச் செய்த பின்னரும், தம் சொந்தப் பொறுப்பில் மலைகளுக்கே மீண்டார். 1974இல் தொண்ணூற்றைந்து வயதிற் காலமாகிக் கணவர் அருகே அடக்கம் பெற்றார். அம்மலையிற் பிள்ளைப் பருவத்தைக் கழித்த அவர் மகன் போல் பிராண்ட், வேலூரிலே தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்றார். பெயரேட்டின் நீளத்தை மட்டும் நோக்கினால் கொல்லிமலைச் சபையின் பெருமை விளங்காது. கண்டிச் சபைகளுக்கும் இஃது ஒக்கும்.

கண்டிக் குன்றுகளிற் கோப்பி 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தொழிலாளர் வந்து திரும்பும் கூட்டமாக இராது, நிலைத்த குடிகளாயினர். தேயிலைத் தூரின் அடியிலே பாட்டனையும் பூட்டனையும் புதைத்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் வாக்கினால் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அதற்கு அடுத்த ஆண்டு மற்றொரு பெயரேடு விரிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்நாட்டிற் பிறந்தவனை நோக்கி, 'உன் தந்தை இங்கே பிறந்தவனா? அன்றேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? சான்று காட்டு' என்றது. லயத்து அறையிற் பிறந்தவர்களின் பிறப்பைப் பதிந்தவர் யார்? பதியாத பிறப்புக்குத் தாள் எங்கே? நூறாண்டுகளுக்கு முன் கண்டிக் குடியானவனைத் தாள் கேட்டு நிலமிழக்கச் செய்த அதே நியாயம், இப்பொழுது தமிழ்த் தொழிலாளியைத் தாள் கேட்டு நாடிழக்கச் செய்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியுரிமை வேண்டியும், ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரவருக்கே அது கிடைத்தது.

ஒல்லாந்தர் ஏடு நிலத்துக்காக ஞானஸ்நானத்தைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் ஏடு குடியுரிமைக்காகப் பாட்டன் பூட்டன் பிறப்பைக் கேட்டது. இரண்டுக்கும் நடுவிலே, ஒரு சிறு சபையின் ஏடு மட்டும் மனிதனைப் பார்த்து, 'நீ என்ன சொல்லுகிறாய்?' என்று கேட்டது. அச்சபை எப்பொழுதும் தன் கொள்கைக்கு ஒப்ப நடந்தது எனக் கூறுவதற்கில்லை. வெள்ளைப் போதகரின் அதிகாரமும் சாதி வேற்றுமையும் மொழிப் பிளவும் கிறிஸ்தவ சபைகளுள்ளும் புகுந்தனவே. ஆயினும் ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டவர்க்கு அதற்குரிய மதிப்பை நாம் அளித்தல் வேண்டும்.

1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரவர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர்; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி பின்னர் முடிவு செய்யப்பட விடப்பட்டது. ஆண்டு தோறும் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் புகையிரத நிலையங்களிற் கண்ணீர் பெருகிற்று. கோயிலாயினும் தேவாலயமாயினும் ஒவ்வொரு தோட்டத்திலும் வழிபடுவோர் குறைந்தனர். நீலகிரியின் தேயிலைச் சரிவுகளிற் புதிய குடிசைகள் எழுந்தன. 1983ஆம் ஆண்டின் வன்செயல் எஞ்சியோரையும் நடுங்கச் செய்தது. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தளவில் நீங்க, 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கற் சட்டம் வரவேண்டியிருந்தது. அச்சட்டத்தின் சிறப்பு யாதெனில், 1964ஆம் ஆண்டு முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிகளே என அஃது ஏற்றமையாகும். பலர் தம் கூற்றையே எழுதிக் கொடுத்துப் பதிவு பெற்றனர். மனிதனின் சொல்லுக்கு அரசு மதிப்பளிக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

பப்திஸ்த சபையார் இன்றும் இங்கே உளர். 1972இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த முதலிய சபைகளோடு ஒன்றிணைந்து ஒரே இலங்கைத் திருச்சபையாகும் திட்டத்திற் பங்குகொண்டனர். வழக்கொன்றினால் அத்திட்டம் நின்றுபோயிற்று. ஆகவே தனித்தே நடக்கின்றனர். இலங்கைப் பப்திஸ்த சங்கத்தின் சபைகளிற் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வழிபாடு நிகழ்கின்றது. இரு மொழியினர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, ஒரே கூட்டத்தில் வாக்களிக்கும் இடங்கள் நம் நாட்டில் மிகப் பல அல்ல என்பதை எண்ணும்போது, அச்சிற்றாலயங்கள் என் கண்ணுக்குச் சிறியனவாய்த் தோன்றவில்லை.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள் விடுப்பேன். உங்கள் ஊரிலுள்ள ஆலயம் எச்சமயத்ததாயினும் ஆகுக. அதன் பழைய ஏடுகளைக் கறையான் தின்னுமுன் சென்று பாருங்கள். கோயிற் கணக்கு, பாடசாலை இடாப்பு, தோட்டத்துச் செக்றோல், கல்லறைக் கல், சபையின் உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை நாடுங்கள். அவற்றில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எழுதியெடுங்கள். மேர்டொக் நம் நூல்களுக்குச் செய்த பணியை நாம் நம் மனிதருக்குச் செய்யவேண்டாமா? தாளில்லாமையால் ஒரு மக்கட் கூட்டம் எவ்வளவு இழந்தது என்பதை நாம் நன்கறிவோம். இனியொரு முறை அவர்களை நோக்கி எவரேனும் சான்று கேட்பின், நீட்டுவதற்கு நம் கையில் ஏடு இருத்தல் வேண்டும். அவ்வேட்டைக் கேளாமலே அவர்தம் சொல்லை ஏற்கும் நாடாக இந்நாடு ஆகுமாயின், அதனினும் நன்று.